ட்ரே அதிரும் வரை

இவா தன் முன்னாலிருந்த மூடிகள் எல்லாவற்றையும் இரண்டு கையாலும் நடுவில் தள்ளிவிட்டாள். பச்சை, ரோஸ், நீலம் எல்லாம் கலந்து ஆபரேஷன் தியேட்டர் துணியின் மேல் சரிந்தன. ஒரு மஞ்சள் மூடி மட்டும் உருண்டு வந்து என் முழங்காலில் முட்டி நின்றது. அதை எடுத்துத் திரும்பக் குவியலில் வைத்தேன். வைக்கும்போதுதான் என் விரல் நடுங்குவது எனக்கே தெரிந்தது. அவள் பார்த்திருப்பாள், இவாவின் கண்ணுக்கு எதுவும் தப்பாது. "ஆல் இன். நல்லா யோசி மக்கா, ஒண்ணும் அவசரமில்ல," என்றாள், அவசரப்படுத்துகிற குரலில். அஃப்சல் இந்த ஆட்டத்தில் ஆரம்பத்திலேயே சீட்டைக் கவிழ்த்துவிட்டுச் சுவரில் சாய்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தான். "அவன் யோசிச்சா ரிசல்ட் திங்கக்கிழமைதான் வரும். ஸ்பெஷலிஸ்ட் ஒப்பீனியன் கேட்டு எழுதியிருக்கான்," என்றான். இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். வாய் அசைந்தது. மேலே பேன் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு இடத்தில் தட்டித் தட்டிப் போகிறது. ஜன்னலுக்கு வெளியே வெயில் இறங்கிவிட்டது, பிரசவ வார்டுச் சுவரில் பாதிக்கு மேல் நிழல். டீ வண்டி வந்து போய்விட்டது. டீ வந்து போன பிறகும் ட்ரே அதிரவில்லை.

இதெல்லாம் வென்ஃப்ளான் மூடிகள். நோயாளியின் கையில் குத்தி, மேலே பிளாஸ்திரி ஒட்டி வைக்கிற அந்த ஊசியோடு வருகிற சின்ன பிளாஸ்டிக் துண்டு. எங்களுக்கு முன்னால் இருந்த ஹவுஸ் சர்ஜன்கள் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் நிறையச் சேர்த்து இந்த டூட்டி ரூமில் விட்டுப் போயிருக்கிறார்கள், அவர்களுக்கு முன்னால் இருந்தவர்கள் சேர்த்ததையும் சேர்த்து. பச்சைக்கு மதிப்பு அதிகம், குழந்தைகளுக்குப் போடுகிற மஞ்சளுக்குக் குறைவு. பாட்டிலோடு விதிகளும் வந்தன. பணம் கூடாது. யாருக்கு எந்த டூட்டி என்று தகராறு வந்தால் போக்கர் ஆடித் தீர்க்க வேண்டும், மூடி முதலில் தீர்ந்தவர் வாய் பேசாமல் போக வேண்டும். ஆட்டம் நடக்கும்போது போன்கள் எல்லாம் பீரோ மேல் இருக்கிற கிட்னி ட்ரேயில், அந்த வளைந்த இரும்புத் தட்டில், கிடக்க வேண்டும், நடுவில் எழுந்து தொட்டால் அந்த ஆட்டம் போச்சு. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விதி: காரணம் சொல்லக் கூடாது. எனக்கு அக்கா கல்யாணம், எனக்கு உடம்பு சரியில்லை, என் வீட்டில் இப்படி என்று யாரும் வாயைத் திறக்கக் கூடாது. சொல்ல ஆரம்பித்தால் யாருடைய கதை பெரிய கதையோ அவரே எப்போதும் ஜெயிப்பார், கதை இல்லாதவர் எப்போதும் டூட்டி பார்ப்பார் என்று ஒரு சீனியர் விளக்கியபோது நான் தலையாட்டினேன். நியாயமான விதி. இன்று காலை ரவுண்ட்ஸ் முடிந்து சீஃப் கை கழுவிக்கொண்டே சொன்னார்: "தீபாவளி வர்ற வரைக்கும் பேர்ன்ஸ் வார்டுக்கு ஒரு ஆள் கூடுதலா வேணுமாம். உங்க மூணு பேர்ல ஒருத்தர். நீங்களே பேசிச் சொல்லுங்க." சோப்பு நுரை அவர் முழங்கை வரை இருந்தது. பேர்ன்ஸ் என்றால் தீக்காயம். "சார், என்னால முடியாது" என்று அங்கேயே சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்பார். என் அம்மா பட்டாசு யூனிட்டில் வேலை பார்க்கிறாள் சார் என்று சொல்ல வேண்டும். அதை இந்தக் கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து யாரிடமும் நான் மறைக்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. அம்மா என்ன பண்றாங்க என்று கேட்டவர்களிடம் வேலைக்குப் போறாங்க என்றிருக்கிறேன். அது உண்மைதான்.

சீட்டைப் பார். சீட்டை மட்டும் பார். என் கையில் ஆட்டின் ராஜாவும் கிளாவர் ஒன்பதும். எல்லோருக்கும் பொதுவாக நடுவில் திறந்து கிடக்கிற ஐந்து சீட்டில் இன்னொரு ராஜா, இன்னொரு ஒன்பது. ஆக எனக்கு இரண்டு ஜோடி, இன்றைக்கு எனக்கு வந்ததிலேயே நல்ல கை. மற்ற மூன்றும் ரெண்டு, நாலு, கடைசியாக அஃப்சல் திருப்பிப் போட்ட ஜாக்கி. அந்த ஜாக்கி ஸ்பேட். நாலாம் எண் சீட்டும் ஸ்பேட், நடுவில் கிடக்கிற ஒன்பதும் ஸ்பேட். இவா கையில் மறைத்து வைத்திருக்கிற இரண்டும் ஸ்பேட் என்றால் ஐந்து ஸ்பேட் சேர்ந்துவிடும், என் இரண்டு ஜோடி ஒன்றுக்கும் உதவாது. ஜாக்கி விழுந்ததும் அவள் எல்லாவற்றையும் தள்ளினாள். ஸ்பேட் இருந்து தள்ளினாளா, ஸ்பேட் இருப்பதாக நான் நினைத்துப் பயந்து ஓட வேண்டும் என்று தள்ளினாளா? அவள் தள்ளியதும் என்னிடம் இருப்பதும் ஏறக்குறைய சமம். 'கால்' என்று சொல்லி நானும் எல்லாவற்றையும் தள்ளினால் இந்த ஆட்டத்தோடு எங்களில் ஒருவருக்கு முடிந்துவிடும். 'ஃபோல்ட்' என்று சொல்லிச் சீட்டைக் கவிழ்த்தால் நடுவில் போட்டது போகும், மிச்சத்தை வைத்து இன்னும் கொஞ்ச நேரம் தாங்கலாம். தாங்குவது எனக்குத் தெரியும். மதியத்திலிருந்து அதைத்தான் செய்கிறேன். வருகிற கையை எல்லாம் கவிழ்க்கிறேன், ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முதலில் போட வேண்டிய ஒரு மூடி மட்டும் போய்க்கொண்டே இருக்கிறது. என்றைக்காவது நான் பந்தயத்தை ஏற்றினால் இவர்கள் இருவரும் உடனே கவிழ்த்துவிடுவார்கள். "தவசி ரெய்ஸ் பண்ணான்னா ஊரையே காலி பண்ணிட்டுப் போயிரணும்," என்பான் அஃப்சல். என்னால் பொய்யாக ஏற்ற முடியாது. கை நன்றாக இல்லாதபோது நன்றாக இருப்பது போல முகத்தை வைத்துக்கொள்ள ஒரு பயிற்சி வேண்டும், அது பின்னால் தாங்கிப் பிடிக்க ஆள் இருக்கிற வீட்டுப் பிள்ளைகளுக்கு வருகிறது. இல்லை, இது நியாயமில்லாத யோசனை. இவா வீட்டில் யார் யாரைத் தாங்குகிறார்கள் என்று எனக்கு என்ன தெரியும். அவள் அப்பா டாக்டர் என்று மட்டும் தெரியும்.

நான் சீட்டைப் பார்ப்பதாக இவர்கள் நினைக்கிறார்கள். நான் காதை பீரோ மேல் வைத்திருக்கிறேன். யூனிட்டுக்குள் போன் கொண்டு போகக் கூடாது, ஒரு பொறி போதும். வாட்ச்மேன் ஷெட்டில் ஒரு மரப்பெட்டி இருக்கிறது, காலையில் எல்லோரும் அதில் போனைப் போட்டுவிட்டு உள்ளே போவார்கள். சாயங்காலம் எடுத்துக்கொண்டு வேனில் ஏறி உட்கார்ந்ததும் அம்மா எனக்கு மிஸ்டு கால் கொடுப்பாள். இரண்டு ரிங், கட். இப்போது எல்லா போனிலும் பேச்சு இலவசம்தான், முழுதாக அடித்துப் பேசலாம். ஆனால் இது பேசுவதற்கு இல்லை. வெளியே வந்துவிட்டேன் என்பதற்கு. நான் பதிலுக்கு அடிக்க மாட்டேன், அவளும் எதிர்பார்க்க மாட்டாள். டீ வண்டி வருகிற நேரத்துக்கு முன்னே பின்னே அந்த இரண்டு ரிங் வந்துவிடும், அன்றைய நாள் அதோடு எனக்கு முடிந்துவிடும், பிறகு டூட்டி இருந்தாலும் படிப்பு இருந்தாலும் அது வேறு நாள் மாதிரி. இன்று வரவில்லை. ட்ரே இரும்பு, உள்ளே மூன்று போனும் வைப்ரேஷனில் கிடக்கின்றன, எது அதிர்ந்தாலும் கடகடவென்று அறை முழுக்கக் கேட்கும். கேட்கவில்லை. பேன் தட்டுகிற சத்தம், அஃப்சல் கடலை உடைக்கிற சத்தம், தூரத்தில் லிப்ட் கதவு. கால் என்று சொன்னாலும் ஃபோல்ட் என்று சொன்னாலும் இந்த ஆட்டம் முடிந்துவிடும். முடிந்தால் நான் எழுந்து போய் போனை எடுக்கலாம். எடுத்தால் நான் அவளுக்கு அடிக்க வேண்டும். அடித்தால் அது எடுக்கப்படும், அல்லது எடுக்கப்படாது. அதனால்தான் வாய் திறக்க மாட்டேன் என்கிறது. இது இரண்டு ஜோடியைப் பற்றியது இல்லை. இந்த ஆட்டம் முடியாத வரைக்கும் அம்மா வேனுக்கு நடந்து வந்துகொண்டிருக்கிறாள், செருப்பைத் தட்டிப் போட்டுக்கொண்டிருக்கிறாள், வாட்ச்மேனிடம் ஏதோ சொல்லிச் சிரிக்கிறாள். நான் சீட்டைத் தொட்டால் அவள் நின்றுவிடுவாள். பைத்தியக்காரத்தனம். மருத்துவம் படித்தவன் யோசிக்கிற யோசனையா இது?

ஒன்பது. என் கையில் இருப்பது ஒன்பது. தலைக்கும் கழுத்துக்கும் ஒன்பது, ஒரு கைக்கு ஒன்பது, இன்னொரு கைக்கு ஒன்பது, நெஞ்சும் வயிறும் இரண்டு ஒன்பது, முதுகு இரண்டு ஒன்பது, ஒவ்வொரு காலுக்கும் இரண்டிரண்டு ஒன்பது. தீ எவ்வளவு பட்டிருக்கிறது என்று கணக்குப் போடுகிற விதி. வாய்மொழித் தேர்வில் கேட்டார்கள், தடுமாறாமல் சொன்னேன், அந்தப் பேராசிரியர் எல்லோருக்கும் முன்னால் வெரி குட் என்றார். அன்று ராத்திரி ஹாஸ்டலில் படுத்துக்கொண்டு அம்மாவின் உடம்பை ஒன்பது ஒன்பதாகப் பிரித்துக்கொண்டிருந்தேன். வெடிமருந்து அடைக்கிறவர்கள் குனிந்து உட்கார்ந்திருப்பார்கள், ஆகவே முகம், இரண்டு கை, நெஞ்சு. கூட்டிப் பார்த்துவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். நான் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் அவள் வீட்டில் இருந்தபடியே பட்டாசுச் சரம் பின்னினாள். பிறகு யூனிட்டுக்குப் போனாள். சாயங்காலம் வரும்போது கை, கழுத்து, புருவம் எல்லாம் அலுமினியப் பொடி படிந்து வெள்ளி முலாம் பூசிய மாதிரி இருப்பாள், "பாத்தியா, உங்கம்மா சாமி சிலை" என்பாள். நகத்துக்குள் இருக்கிற சாம்பல் நிறம் எத்தனை தேய்த்தாலும் போகாது. நீ டாக்டருக்குச் சேர்ந்ததும் நிறுத்திவிடுகிறேன் என்றாள். சேர்ந்த பிறகு, பாஸ் பண்ணு என்றாள். இப்போது, இந்த ஒரு தீபாவளி எய்யா, இதோட சரி என்கிறாள். இந்த ஒரு ஆட்டம் என்று இங்கே நாங்கள் சொல்வதும் அதே குரலில்தான். நான் ஏன் அவளை நிறுத்தவில்லை? நிறுத்து என்றேன். "சும்மா வீட்ல உக்காந்து செவுத்தப் பாக்கச் சொல்றியா? அங்கன எம்புட்டுப் பேரு இருக்கோம் தெரியுமா, ஒரே கூத்தா இருக்கும்" என்றாள். நான் மறுபடி சொல்லவில்லை. அங்கேயும் கவிழ்த்தேன்.

பேர்ன்ஸ் வார்டுக்கு ஒரு முறைதான் போயிருக்கிறேன், மாணவனாக, கூட்டத்தோடு. கட்டிலின் மேல் அரை வட்டமாகக் கம்பி வளைத்து, துணி உடம்பில் படாமல் கொசுவலை போட்டிருந்தார்கள். உள்ளே இருப்பவர் ஆணா பெண்ணா என்று எனக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியவில்லை என்பதுதான் அன்றிலிருந்து இன்று வரை என்னை விடவில்லை. அப்போது ஒரு ஆள் தன் மனைவியைத் தேடி வந்து கட்டில் கட்டிலாகப் போய் ஒவ்வொரு வலைக்குள்ளும் பேர் சொல்லிக் கூப்பிட்டார். சத்தம் போடவில்லை, தூங்குகிறவரை எழுப்புவது மாதிரி மெதுவாக. பள்ளிச் சான்றிதழில் எழுதுவார்களே, இரண்டு அங்க அடையாளங்கள், அது மாதிரி அன்றைக்கே அம்மாவுக்கு நான் மனதில் எழுத ஆரம்பித்துவிட்டேன். இடது கணுக்காலில் மச்சம். வலது முழங்கையில் குக்கர் சுட்ட தழும்பு. பிறகு யோசித்தேன், இவை தோலில் இருப்பவை. தோலில் இருப்பது அங்கே உதவாது. முன்பல் இரண்டுக்கும் நடுவில் ஒரு சந்து இருக்கிறது, அது உதவும். ஒன்று. இரண்டாவது அடையாளத்துக்கு இடம் காலியாகவே கிடக்கிறது. பெற்ற தாய்க்கு இப்படி ஒரு குறிப்பு எழுதி வைத்திருக்கிறான் என்று தெரிந்தால் இவர்கள் என்ன நினைப்பார்கள். அம்மா ஊர்ப்பக்கத்து யூனிட்டுகளில் ஏதாவது நடந்தால் ஆம்புலன்ஸ் எல்லாம் இங்கேதான் வரும், வேறு இடமில்லை. தீபாவளி நெருங்க நெருங்க வேலை நேரம் கூடும், அறைக்கு நாலு பேர் உட்கார வேண்டிய இடத்தில் ஆறு பேர், எட்டுப் பேர். கதவைத் திறந்து ஸ்ட்ரெச்சர் ஸ்ட்ரெச்சராக உள்ளே தள்ளுவார்கள், நான் ஒவ்வொன்றாகக் குனிந்து வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லைப் பார்த்துக்கொண்டு போக வேண்டும்.

அதனால்தான் ஜெயிக்க வேண்டும். ஜெயித்தால் நான் அங்கே இருக்க மாட்டேன். இங்கேயே, இந்த வார்டில், ஹெர்னியாவும் சர்க்கரைப் புண்ணும் பார்த்துக்கொண்டு, டிரெஸ்ஸிங் எழுதிக்கொண்டு இருப்பேன். நல்லது. அப்புறம்? ஆம்புலன்ஸ் அப்போதும் வரும். நான் இங்கே யாருக்கோ பிரஷர் பார்த்துக்கொண்டிருக்கும்போது இரண்டு கட்டிடம் தள்ளி அம்மாவைக் கீழே இறக்குவார்கள். வென்ஃப்ளான் போட நரம்பு கிடைக்காமல் இவா தேடிக்கொண்டிருப்பாள். இவாவுக்கு அது யாரென்று தெரியாது, ஏனென்றால் காரணம் சொல்லக் கூடாது. எத்தனை ஒன்பது என்று கூட்டி எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போவாள். மதியத்திலிருந்து நான் எதற்காக ஆடிக்கொண்டிருக்கிறேன்? நான் அந்த வார்டில் இல்லாவிட்டால் அம்மா அந்த யூனிட்டில் இல்லை என்று எவன் சொன்னான்? எதை ஜெயிக்க வேண்டும் என்று தெரியாதவன் ராஜாவை வைத்து என்ன செய்வான், ஏஸை வைத்து என்ன செய்வான். தோற்றால் அங்கே இருப்பேன். இருந்து? கை நடுங்காமல் என்னால் நரம்பைப் பிடிக்க முடியுமா, இப்போது ஒரு பிளாஸ்டிக் மூடிக்கே நடுங்குகிறது. வேண்டாம். இல்லை, வேண்டும். வேண்டாம். வேர்க்கடலைத் தோல் பேன் காற்றில் பறந்து என் சீட்டின் மேல் உட்கார்ந்தது. ட்ரே இன்னும் அதிரவில்லை.

"மக்கா, நீ பாக்கது சீட்டா, எக்ஸ்ரேயா?" என்றாள் இவா. நிமிர்ந்தேன். அவள் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள், ஆனால் கழுத்தில், காதுக்குக் கீழே வலது பக்கம், துடிப்பு தெரிந்தது. தோல் எழும்பி எழும்பி அடங்கியது. நோயாளியைத் தொடாமல் பார்த்தே நாடி எண்ணுவதற்கு எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த இடம். எண்ணினேன். உட்கார்ந்து சீட்டாடுகிற பெண்ணுக்கு இவ்வளவு வேகம் கூடாது. மேலுதட்டில் வியர்வை. இடது கால் கட்டை விரல் தானாக ஆடிக்கொண்டிருந்தது. மூச்சு மேலோட்டமாக. இந்த ஒன்று எனக்குத் தெரியும். வேறு எது தெரியாவிட்டாலும் பயம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், அதில் நான் தங்க மெடல் வாங்கக் கூடியவன். இவள் பயந்திருக்கிறாள். கையில் ஐந்து ஸ்பேட் வைத்திருப்பவள் ஏன் பயப்பட வேண்டும்? ஒன்றுமில்லாமல் தள்ளியிருக்கிறாள், நான் எப்போதும் போலக் கவிழ்த்துவிடுவேன் என்று நம்பித் தள்ளியிருக்கிறாள். மதியம் முழுக்க அவளுக்கு நான் அதைத்தானே காட்டினேன். "டேய், வாயத் தொறந்து எதாச்சும் சொல்லு, இல்லன்னா நான் உனக்கு ஈசிஜி எடுப்பேன்," என்றான் அஃப்சல். "அவனுக்கு எடுத்தா நேர்கோடுதான் வரும்," என்றாள் இவா. கால் என்று சொல்லலாம். சொன்னால் ஆட்டம் முடியும். முடிந்தால் போன். அம்மா வேனுக்கு நடந்து வருகிறாள். இன்னும் கொஞ்சம் நடக்கட்டும்.

ட்ரே அதிர்ந்தது. கடகடவென்று இரும்பில், பீரோவின் தகரம் வழியாகச் சுவர் வரைக்கும். ஒன்று. இரண்டு. நின்றுவிட்டது. நெஞ்சில் வைத்திருந்த மூட்டையை யாரோ தூக்கிக்கொண்டு போன மாதிரி, கண் கூடக் கலங்கிவிட்டது. வந்துவிட்டாள். வேனில் உட்கார்ந்துவிட்டாள். ஜன்னல் ஓரம், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு. இவாவும் ட்ரேயைப் பார்த்தாள், நான் பார்த்த அதே வேகத்தில் பார்த்தாள், ஆனால் அதைப் பற்றி அப்போது நான் யோசிக்கவில்லை. எனக்கு எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. சீட்டுகள் கூடப் பெரிதாகத் தெரிந்தன. ராஜா, ராஜா, ஒன்பது, ஒன்பது. பயந்தவள் ஒருத்தி எதிரில். நான் பயப்படவில்லை. வாழ்க்கையில் ஒரு முறை நான் பயப்படாமல் இருக்கிறேன், இதை விட்டால் எப்போது. "கால்," என்றேன். குரல் சாதாரணமாக வந்தது. என் மூடிகளை எல்லாம் நடுவில் தள்ளினேன். அஃப்சல் கடலையைக் கீழே வைத்தான். "அல்லாவே. தவசி கால் பண்ணிட்டான்." இவா தன் இரண்டு சீட்டையும் ஒவ்வொன்றாகத் திருப்பினாள். ஸ்பேட் ஏஸ். ஸ்பேட் ஏழு. பேன் தட்டியது. ஸ்பேட் நாலு, ஸ்பேட் ஏழு, ஸ்பேட் ஒன்பது, ஸ்பேட் ஜாக்கி, ஸ்பேட் ஏஸ் என்று நான் உள்ளுக்குள் வரிசைப்படுத்திப் பார்த்தேன், எங்காவது ஒன்று கிளாவராக இருந்துவிடாதா என்று இன்னொரு முறை பார்த்தேன். "ரெண்டு ஜோடிய வச்சுக்கிட்டு என்ன நம்பிக்கையில மாப்ள கால் பண்ணுன?" என்று அஃப்சல் கேட்டான், கிண்டலாக இல்லை, நிஜமாகத் தெரிந்துகொள்ள. நாடி வேகமாக இருந்தது என்று சொல்ல வந்தேன். நாடி வேகத்துக்கு எத்தனை காரணம் இருக்கிறது. காய்ச்சல், ரத்தக் குறைவு, தைராய்டு, வலி, சந்தோஷம், எங்கிருந்தோ வர வேண்டிய ஒரு செய்தி. எல்லாவற்றையும் ஒதுக்கிய பிறகுதான் பயம் என்று எழுத வேண்டும், அதையும் எதைப் பற்றிய பயம் என்று கேட்காமல் எழுதக் கூடாது. முதல் வருடப் பையன் கூடச் செய்யாத தப்பு.

இவா ஜெயித்த மூடிகளைத் தொடவே இல்லை. என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வந்து, விதி ஞாபகம் வந்த மாதிரி நிறுத்திக்கொண்டு, எழுந்து பீரோவிடம் போனாள். ட்ரேயிலிருந்து தன் போனை எடுத்தாள். திரையைப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டு வெளியே வராந்தாவுக்கு ஓடினாள், அழுகிறாளா சிரிக்கிறாளா என்று பின்னாலிருந்து தெரியவில்லை. நான் மெதுவாகப் போனேன். என் போன் ட்ரேயின் வளைவில் குப்புறக் கிடந்தது. திருப்பினேன். ஒன்றுமில்லை. மதியம் வந்த ஒரு கம்பெனி மெசேஜ். மிஸ்டு கால் இல்லை. மறுபடி பொத்தானை அழுத்திப் பார்த்தேன், ஒளி வந்தது, ஒன்றுமில்லை. இரண்டு ரிங், கட். உலகத்தில் இன்னும் யார் யாரோ அப்படிக் கொடுக்கிறார்கள். தூக்கிக்கொண்டு போன மூட்டையைத் திரும்பக் கொண்டு வந்து நெஞ்சில் வைத்தார்கள், முன்பை விடக் கனமாக. நான் நிற்கிற இடத்திலிருந்து பார்த்தால் கேஷுவாலிட்டி வாசல் தெரியும். ஆம்புலன்ஸ் எதுவும் நிற்கவில்லை. நிற்கவில்லை என்பதை நம்பி அம்மா பெயரை அழுத்தினேன். ரிங் போகிறது. போன் வாட்ச்மேன் ஷெட்டில் பெட்டிக்குள் கிடந்தாலும் ரிங் போகும். இரண்டு, மூன்று. மரப்பெட்டிக்குள் அத்தனை போனோடு போனாகக் கிடந்து அதிர்ந்துகொண்டிருக்கும், எடுக்க ஆள் இல்லாமல். யூனிட் வெடித்த நாட்களில் பெட்டியில் ராத்திரி வரை போன்கள் அடித்துக்கொண்டே இருந்ததாக ஊரில் சொல்வார்கள். ஐந்து. ஆறு. "மாப்ள, என்னடா ஒரு மாதிரி இருக்க," என்றான் அஃப்சல். கையைக் காட்டி நிறுத்தினேன்.

"சொல்லு எய்யா." வேன் சத்தம், காற்று, நாலைந்து பேர் ஒரே நேரத்தில் பேசுவது. நான் பீரோவைப் பிடித்துக்கொண்டேன். "ஏம்மா இவ்ளோ நேரம்," என்றேன், அதற்குள் குரல் உடைந்தது, இருமுவது போல மாற்றினேன். "ஆர்டர் கெடக்காம்ல. ஒரு நடை வேல சேத்துப் பாத்துட்டுப் போங்கன்னு போர்மேன் நிப்பாட்டிட்டாரு. தீவாளி வரைக்கும் இப்டித்தானாம். இப்பத்தான் வேனு கெளம்புச்சு, ஒனக்கு மிஸ்டு கால் குடுக்கணும்னு போன எடுக்கேன், நீயே அடிக்க. என்ன, சளி பிடிச்சிருக்கா?" இல்லை என்றேன். வார்டு விஷயத்தைச் சொல்லாமல் போனை வைத்துவிடலாம். இன்றைக்கு வேண்டாம், பயந்துவிடுவாள். ஆனால் நான் அவளிடம் பொய் சொன்னதில்லை, சொல்லாமல் விட்டதும் குறைவு. "என்னைய வேற வார்டுக்கு மாத்திட்டாங்கம்மா. தீபாவளி வரைக்கும்." "எந்த வார்டு?" "தீக்காய வார்டு." வேன் எதன் மேலோ ஏறி இறங்கியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். பிறகு போனை விட்டு முகத்தைத் திருப்பி உள்ளே சத்தமாகச் சொல்வது கேட்டது: "ஏத்தா, எம்மவனத் தீக்காய வார்டுல போட்டிருக்காகளாம்." ஒரு குரல், வயதான குரல், உடனே பதில் சொன்னது: "அப்பன்னா நமக்கென்ன கவல? போன ஒடனே பேனுக்கு அடியில கட்டில் போட்டுக் குடுத்துருவாப்ல." இன்னொரு குரல்: "எனக்குச் சன்னல் ஓரமா ஒண்ணு சொல்லி வையி தாயி." வேன் முழுக்கச் சிரித்தது. அப்படி ஒரு சிரிப்பு, யாரோ இருக்கையைத் தட்டித் தட்டிச் சிரிக்கிறார்கள், டிரைவர் கூடச் சிரித்திருப்பார். அம்மா திரும்ப வந்தாள். "அப்ப நீ அங்கனயே இருப்பேல்ல?" என்றாள். "இருப்பேம்மா." "சரி. அது போதும். ஒருத்தராச்சும் தெரிஞ்ச ஆளு வேணும்ல எய்யா." அவள் எவ்வளவு நாளாக இதை யோசித்திருப்பாள் என்று அந்த 'சரி'யில் எனக்குத் தெரிந்தது. பிறகு யாரோ மறுபடி ஏதோ சொல்ல, மறுபடி எல்லோரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். அவ்வளவு பேர் சத்தத்துக்கும் நடுவில் அவளுடையது மட்டும் தனியாகக் கேட்டது. முதலில் ஒரு சின்ன இழுப்பு, பிறகு உடைவது. எந்த இருட்டில் கேட்டாலும் சொல்லிவிடுவேன். காலியாகக் கிடந்த இரண்டாவது இடத்தில் அதை எழுதிக்கொண்டேன். "சாப்ட்டியா?" என்று கேட்டாள். பின்னால் அஃப்சல் மூடிகளை வழித்துப் பாட்டிலில் போட்டுக்கொண்டிருந்தான்.